புதுக்காட்டு ஏற்றம்

கலஹா,
ஜனவரி 19

அன்பு மகன் மர்சூக்குக்கு,

கலஹாவிலிருந்து பாலம்மா எழுதுகிறேன். நானும் அவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் கத்தாரில் சுகமாக இருப்பதாக உன் உம்மா சொன்னார். அந்தச் செய்தி மாறாமல் இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் நான் அனுப்பியதையெல்லாம் நீ பார்த்துவிட்டாய் என்று அந்த நீல அடையாளம் காட்டுகிறது. பதில்தான் இல்லை. அதற்காக நான் மனம் நோகவில்லை. போனில் ஒரு வார்த்தை வந்தால் மறுவார்த்தை உடனே போக வேண்டும். கடிதத்துக்கு அந்த அவசரம் கிடையாது. மனம் வரும்போது பிரிக்கலாம். மடவளையில் உங்கள் வீட்டில் கொடுத்தால், லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் அடுத்த தெருக்காரர் உன் கையில் சேர்ப்பார் என்று உம்மா சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தே காலம் போனவள் நான். எனக்கும் தாளில்தான் பேச்சு வருகிறது.

இந்தத் தைக்கு எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. நிரோசன் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை அல்லவா. அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உன் உம்மா பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். அந்த முழங்கால் வலியோடு எங்கள் படிகளில் ஏறி வந்தார். அவர் கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஒங்கட மகனும் எனக்கு மகன்தான். என்ட மகன நீங்க வெறுத்துப் போடாதீங்க" என்றார். நான் வெறுக்கவில்லை என்று சொன்னேன். நம்பினாரோ என்னவோ.

நீயும் நம்பியிருக்க மாட்டாய். இழவு வீட்டில் நிரோசனின் அப்பா உன்னைப் பார்த்துச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். "கூட்டிக்கிட்டுப் போனவன் நடுமலையில விட்டுட்டு வந்துட்டான்" என்றார். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நீ வாசலைவிட்டு இறங்கினாய். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சொல்லி அனுப்பியபோது நீ நாட்டிலேயே இல்லை.

அவருடைய குணம் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் நிரோசனும் மலையெல்லாம் சுற்றிவிட்டு உடம்பு முழுக்கச் சேற்றோடு வந்து நின்றால், குழாயைத் திறந்து உங்கள் இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பார். இப்போது பஸ்ஸை எடுத்துக்கொண்டு பேராதனைக்குப் போகிறார், வருகிறார். வழியில் சைக்கிள்காரன் யாரையாவது கண்டால் ஹோர்ன்கூட அடிப்பதில்லையாம். அவன் ஒதுங்கும்வரை பின்னாலேயே மெதுவாகப் போகிறார் என்று கொண்டக்டர் என்னிடம் சொன்னார்.

ஒரு விசயம் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். போன கிழமை ஸெய்னுலாப்தீன் சேர் வீட்டுக்கு வந்தார். சைக்கிள் ஓட்டத்தை நடத்துகிறவர் அவர்தானே. உடல் இளைத்துப் போயிருக்கிறார். சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் மலைச் சைக்கிள் ஓட்டத்தை மறுபடி நடத்த நினைக்கிறார்களாம். கார்த்திகை மழையில் தெல்தோட்டைப் பக்கத்துப் பாதைகள் சரிந்து கிடப்பதால், புதுக்காட்டு ஏற்றத்தை விட்டால் வேறு வழியில்லையாம். "நீங்க ரெண்டு பேரும் வேணாம்டு சொன்னா இந்த ஓட்டமே வேணாம் டீச்சர்" என்றார். நிரோசனின் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளிருந்து, "அந்த மலையில இனி ஒரு சைக்கிளும் ஏறக் கூடாது" என்ற சத்தம் மட்டும் வந்தது.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சேரை அனுப்பி வைத்தேன். யோசிக்கிறேன் என்று சொன்னேனே தவிர, எதை வைத்து யோசிப்பது? அந்த ஏற்றத்தை நான் கண்ணால் கண்டதே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர்கள்தான் பசியோடு படுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

உன் நலத்தை வேண்டும்,
பாலம்மா


கலஹா,
மார்ச் 29

அன்பு மகன் மர்சூக்குக்கு,

நோன்புப் பெருநாள் வாழ்த்து உனக்குப் பிந்தித்தான் வந்து சேரும், மனதில் பிந்தவில்லை. உன் உம்மா வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். நிரோசனின் அப்பா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதல் கடிதம் உனக்குக் கிடைத்ததாகவும், வாங்கி மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனதாகவும் கொண்டுவந்தவர் சொன்னாராம். அது எனக்குப் போதும்.

நான் புதுக்காட்டுக்குப் போய் வந்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்று அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, புதுக்காட்டுச் சந்தியில் இறங்கினேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பஸ்ஸை எடுக்காமல் நின்றார்.

ஆற்றங்கரையிலிருந்து தேயிலைக்குள்ளாகவே ஏறினேன். கல்லும் சரளையுமாக, நின்று மூச்சு வாங்கக்கூட ஒரு சமதரை இல்லாத பாதை. நிழல் மரங்களை வெட்டிவிட்டிருக்கிறார்கள். காலையில் கிளம்பியவள், பாதை வளைந்து திரும்பும் நடு ஏற்றத்து முடக்கில் நிற்கும்போது உச்சி வெயில். சும்மா நடந்து போன எனக்கே காது அடைத்துப் போனது. விடியற்காலையிலிருந்து மலை மலையாக மிதித்து வந்த பிள்ளைகள் இதில் எப்படி ஏறினீர்கள்?

மரண விசாரணையில் நீ சொன்னதை எங்களுக்கும் வாசித்துக் காட்டியிருந்தார்கள். ஏற்றத்தில் நிரோசனின் வேகம் குறைந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ மேல போய்த் தண்ணி வாங்கி வை" என்றான். நீ போனாய். அவன் வரவில்லை. திரும்பி இறங்கினாய், தேயிலைக்குள் விழுந்து கிடந்தான். உடம்பின் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்று டொக்டர்மார் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மறுநாள் வரைக்கும்தான் மூச்சு இருந்தது. இவ்வளவும் தெரியும். அதைச் சுமந்துகொண்டுதான் அந்த முடக்கில் நின்றேன்.

அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் அழகம்மா என்று ஒருவர். நான் யார் என்று கேட்டார். சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மர்சூக். "கூட வந்த தம்பிதாம்மா தூக்கிக்கிட்டு ஏறுச்சு. அந்தச் சப்பாத்து அடியில இரும்பு வச்சிருக்கும் போல, கல்லுல சறுக்கி சறுக்கி விழுந்துச்சு. கழட்டி வீசிட்டு வெறுங்கால்லயே முதுகுல போட்டுக்கிட்டு ஏறுச்சு. நாங்க ரெண்டு மூணு பேரு கைகுடுக்கப் போனோம். குடுக்க மாட்டேன்னிருச்சு. காலு பூரா ரத்தம். லொறி நிக்கிற எடம் வரைக்கும் அந்தப் புள்ளகிட்ட பேசிக்கிட்டே போச்சும்மா."

இழவு வீட்டில் நீ காலில் துணி சுற்றிக்கொண்டு நின்றது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்திருப்பாய் என்று நினைத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்து போனது. மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஏன் அந்தப் பய நம்மகிட்ட சொல்லல?" என்று கேட்டார். "நீங்க சொல்ல விட்டீங்களா?" என்றேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஸெய்னுலாப்தீன் சேருக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். இரண்டு விசயம் கேட்டேன். நடு ஏற்றத்து முடக்கில் நிழலும் தண்ணீரும் ஐஸும் வைத்து ஒரு பந்தல் போட வேண்டும். அந்தப் பந்தலில் நான் நிற்பேன். "அந்த இடத்தில ஒங்களால நிக்கேலுமா டீச்சர்?" என்று சேர் கேட்டார். "முடியாமல் போனால் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றேன்.

ஒரு லேடி டொக்டரைக் கூட்டிவந்து எங்களுக்குப் பழக்குகிறார்கள். அழகம்மாவும் தோழிகளும்கூட வருகிறார்கள். சூடு ஏறியவரை ஆஸ்பத்திரிக்கு ஓடவைப்பதற்கு முன்னால் இருக்கும் இடத்திலேயே குளிரவைக்க வேண்டுமாம். ஒரு தறப்பாள் விரிப்பில் படுக்கவைத்து, நாலு மூலையையும் தொட்டில் மாதிரித் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்ற வேண்டும். அழகம்மாவைப் படுக்கவைத்துத்தான் பழகினோம். "ஐயோ, குளிருது, வேலைக்குப் போகவேணும், விடுங்கடி" என்று அவர் கத்தியதில் எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு நாளில் இதுதான் முதல் தடவை என்று.

அங்கே இப்போதே வெயில் கடுமையாக இருக்கும். கவனமாக இரு.

அன்புடன்,
பாலம்மா


கலஹா,
மே 4

அன்பு மகன் மர்சூக்குக்கு,

ஓட்டம் முடிந்து ஒரு கிழமையாகிவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரியோடு மூடி வைத்துவிட்டேன். இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். நீயும் நிதானமாக வாசி. வேலைக்கு நடுவில் வாசிக்காதே.

விடியும்போதே நாங்கள் முடக்குக்குப் போய்விட்டோம். பந்தலுக்கு மேலே தென்னோலையும் போட்டிருந்தார்கள். நீல பரல்களில் தண்ணீர், பெட்டிகளில் ஐஸ், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு. அழகம்மாவும் மூன்று பெண்களும் என்னோடு இருந்தார்கள். தோட்டத்தில் அன்று அவர்களுக்கு விடுமுறை கேட்டு வாங்கியது சேர்தான்.

முதலில் வந்தவர்கள் நிற்கவே இல்லை. கையை நீட்டிக் கோப்பையைப் பறித்துத் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தோளில் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். முகமெல்லாம் செம்மண். கண் மட்டும் தெரிகிறது. ஒருவன் என் காலடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு மண்டியிட்டு அழுதான். ஏன் தம்பி அழுகிறாய் என்று கேட்டால், தெரியாது என்கிறான். உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டான். நிரோசன் ஓடிய ஓட்டங்களுக்கெல்லாம் நான் பேராதனை முடிவிடத்தில் மாற்றுச் சட்டையோடு காத்து நின்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முடித்துவிட்டு இளித்துக்கொண்டு வரும் முகம்தான். நடு மலையில் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

மத்தியான வெயிலில் இரண்டு பெண் பிள்ளைகள் ஏறி வந்தார்கள். புசல்லாவைப் பிள்ளைகள். ஒருத்தி டிலானி, மற்றவள் சுதர்சினி. இரண்டு பேராக ஓடும் பெண்கள் பிரிவில் இவர்கள்தான் முன்னுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முன்னுக்கு வருகிறார்கள் என்று அழகம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, கையைத் தட்டிக் கூவினார். சுதர்சினி முன்னால் வந்து தண்ணீர் குடித்தாள். டிலானி பின்னால் வந்தாள். நான் கோப்பையைக் கொடுத்தேன். குடித்தாள். "எப்படி இருக்கம்மா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

மர்சூக், அந்த வார்த்தையை ஒரு வருசமாக நான் என் காதுக்குள் வைத்திருக்கிறேன். அதே வார்த்தையை, அதே முடக்கில், அதே வெயிலில் ஒரு பிள்ளை என் முகத்துக்கு நேரே சொல்கிறது. சூடு ஏறியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நம்பக் கூடாது என்று டொக்டர் பழக்கித் தந்திருக்கிறார். அப்படியிருந்தும் நான் நம்பினேன். அவள் சிரிப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது. "சரி, போயிட்டு வா" என்று சொல்லி, அவள் ஏறி உட்காரும்போது விழுந்துவிடாமல் சைக்கிளைப் பின்னால் பிடித்துத் தள்ளியும் விட்டேன்.

அவள் சைக்கிளைத் திருப்பினாள். ஏறி வந்த பக்கமே, ஆற்றைப் பார்த்து. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சுதர்சினிகூட, "ஏய், இந்தப் பக்கம்டி" என்று சொல்லிச் சிரித்தாள். டிலானி திரும்பிப் பார்க்கவில்லை. அதே சிரிப்போடு இறக்கத்துக்குள் சைக்கிளை விட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்திக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு நான் அப்படி ஓடியதில்லை. அவளுடைய சைக்கிள் ஒரு கல்லில் தட்டி நின்றது, அது தெய்வச்செயல். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சிரித்த முகம் அப்படியே மாறிப்போனது. என்னைப் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசினாள். கையைக் கீறினாள், கடித்தாள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. சுதர்சினியும் ஓடிவந்து, "விடுங்க ஆன்ட்டி, அவ நல்லாத்தான் இருக்கா, பின்னால மத்த டீம் வர்றாங்க" என்று அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து முடித்தால்தான் வெற்றி. ஒருத்தி நின்றால் இருவருக்கும் இல்லை. பாவம், அவள் வேறு என்ன சொல்வாள்? நான் கையை விடவில்லை. அழகம்மாவும் மற்றவர்களும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொட்டால் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி உடம்பு.

தறப்பாளில் போட்டோம். நாலு பெண்களும் நாலு மூலையைப் பிடித்தார்கள். நான் ஐஸையும் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள் கத்துவது நின்று முனகலானது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. கண் மேலே செருகியது. அழகம்மா, "மாரியாத்தா, இந்த ஒண்ணையாவது குடு" என்று வாய்விட்டுக் கேட்டார். மூலையைப் பிடித்திருந்தவர்களின் கை மரத்துப் போயிற்று, ஒருவரும் விடவில்லை. என் காதில் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

பிறகு அவளுக்கு உடல் நடுங்கத் தொடங்கியது. குளிரில் பல்லோடு பல் அடித்தது. "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். முதலில் உதடு மட்டும் அசைந்தது. மறுபடி கேட்டேன். "டிலானி" என்றாள். அடுத்து அவள் கேட்டது என்ன தெரியுமா? "நாங்க எத்தனாவது?" எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டொக்டர் வந்து பார்த்து, சூடு இறங்கிய பிறகுதான் அம்புலன்ஸில் ஏற்றினார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிலானியைக் கொண்டுபோன பிறகு சுதர்சினி பந்தல் ஓரத்தில் ஹெல்மட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற டீம்கள் தாண்டிப் போவதை அவள் பார்க்கவே இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் கவனிச்சிருக்கணும் இல்ல ஆன்ட்டி? காலையிலருந்து அவகூடத்தானே வந்தேன். நான் முன்னால முன்னால போயிட்டேன்" என்றாள். "இல்ல பிள்ள" என்றேன். "நானே அவள ஏத்திவிட்டு சைக்கிளத் தள்ளிவிட்டேன். நீயும் பார்த்தியே. அந்தச் சூடு முதல்ல சொல்றவங்கள ஏமாத்துது, பெறகு கேக்கிறவங்கள ஏமாத்துது. யார் நின்னாலும் நம்பியிருப்பாங்க. இதுல உன் குத்தம் ஒண்ணுமில்ல" என்றேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது, நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான், மர்சூக். மனதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அங்கே நின்று, கண்ணால் கண்டு, நானே ஏமாந்த பிறகு சொல்கிறேன். எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, பழக்கித் தந்திருந்தார்கள், பக்கத்தில் ஐஸும் ஆட்களும் இருந்தார்கள். உனக்கு அன்று என்ன இருந்தது? அவனுக்காகத் தண்ணீர் வாங்கத்தானே முன்னால் போனாய்.

டிலானியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இப்போது வீட்டுக்குப் போய்விட்டாள். என்னைக் கடித்தது அவளுக்கு நினைவில்லை. அவளுடைய அம்மா என் கையில் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டு அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தனியாக இருக்கும்போது கொஞ்சம் அழுதேன். அந்த அம்மாவின் மேல் பொறாமையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இருந்திருக்கும். மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு மேலே சந்தோசமும் இருந்தது.

அவர் அன்று ஓட்டத்தைப் பார்க்க வரவில்லை. வழக்கம்போல் பஸ் ஓட்டினார். சைக்கிள்கள் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டாராம். ஆட்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தும் எடுக்கவில்லையாம். கண்ணுக்கெட்டிய வரையில் ஒரு சைக்கிளும் இல்லை என்று ஆன பிறகுதான் எடுத்தாராம். இதையும் கொண்டக்டர்தான் சொன்னார். சாயந்தரம் நடந்ததெல்லாம் அவரிடம் சொன்னேன். டிலானி சைக்கிளைத் திருப்பிய இடம் வந்ததும், "நம்ம பயலும் அப்படித்தான் சிரிச்சிருப்பான்" என்றார். பிறகு வெகு நேரம் கழித்து, "மர்சூக்குக்கு லீவு எப்ப கிடைக்குமாம்?" என்று கேட்டார். ஒரு வருசத்தில் அவர் உன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். மறுக்காதே.

அன்று விடியற்காலையில் பாணும் பருப்பும் கட்டிக் கொடுத்து அவனை வாசலில் நின்று அனுப்பினேன். அதற்குப் பிறகு புதுக்காட்டு ஏற்றம் வரைக்கும் அவன் உயிரோடு இருந்த அந்தக் காலை முழுவதும் உன்னிடம்தான் இருக்கிறது. எங்களிடம் இல்லை. விழுந்ததும் தூக்கியதும் எங்களுக்குத் தெரியும், அதை நீ மறுபடி சொல்ல வேண்டாம். அதற்கு முன்னால் உள்ளதைச் சொல்லு. ஹந்தானை உச்சிக்குப் போகும்போது வெயில் எழும்பியிருந்ததா? அவன் நின்று பார்த்தானா? யாரைக் கேலி பண்ணினான்? வாய்க்கு வந்த பாட்டைக் கத்திப் பாடினானா? நான் கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டானா, இல்லை யாருக்காவது கொடுத்துவிட்டானா? உனக்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் சின்னச் சின்ன விசயத்தைக்கூட விடாமல் சொல்லு. உன்னைத் தவிர இந்த உலகத்தில் அதைச் சொல்ல ஆளில்லை.

எழுதினாலும் சரி. வந்து சொன்னால் அவரும் கேட்பார். கதிரையை அறை வாசலில் போட்டுக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். அதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாதே. நீ பேசப் பேச அவர் திரும்புவார்.

நீ தொழும் அல்லாஹ்வும் நான் கும்பிடும் அம்மனும் உனக்கு நல்ல நித்திரையைத் தரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
பாலம்மா